ராசி என்று நாங்கள் நம்பிய அழுக்கு

திவ்யா, நேற்று மதியம் நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "அக்கா, நீங்க பக்கத்துல நின்னா என் சாம்பிள் நல்லா வருது. கொஞ்ச நேரம் இங்கேயே நில்லுங்களேன்." மற்ற இரண்டு பேரும் கைதட்டினீர்கள். நான் பைபெட்டை ஸ்டாண்டில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை. பயம்.

வரும் வெள்ளிக்கிழமையோடு இந்த லேபில் என் வேலை முடிகிறது. ஓய்வு பெறுகிறவர்கள் நாற்பது வருஷத்தைச் சொல்வார்கள். எனக்கு இங்கே ஆறு வருஷம்தான், அதிலும் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டியது பதினோரு நாள். நீங்கள் மூன்று பேரும் என் பெஞ்சில்தான் உட்காரப்போகிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

நம் வேலை என்ன என்று ஸ்ரீரங்கத்தில் என் அப்பா கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். ஒரு நீளச் சங்கிலி. அதன் ஒரு பாதிக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு பாதிக்கு ஆகாது. தண்ணீரில் விட்டால் ஆகாத பாதியெல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ளும், பிடித்த பாதி வெளியே முடி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு உருண்டைத் தலை. அதுதான் மைசெல். மருந்தை அதற்குள் வைத்து உடம்புக்குள் அனுப்பலாம். ஆனால் தலை முழுக்க முடி இருந்தால் எந்த செல்லும் அதைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். உள்ளே இருப்பது படிகமானால் கதை மாறுகிறது. சங்கிலிகள் மடிந்து அடுக்கும்போது வெளியே முடி ஒரு பக்கம் ஒதுங்கும், சில இடம் வெறிச்சென்று ஆகும். செல் அந்த இடத்தைத்தான் பற்றும். எத்தனை இடம், எவ்வளவு பெரிய இடம் என்பது நம் கையில் வந்துவிட்டால் மருந்து எங்கே இறங்க வேண்டும் என்பதும் ஓரளவு நம் கையில்.

அந்த வெற்றிடத்துக்கு ரியாஸ் அண்ணன் வைத்த பெயர் சொட்டை. அவருக்கே முன்னந்தலையில் முடி கொட்டிக்கொண்டிருந்தது. "என் தலையில வரக் கூடாதுன்னு கெஞ்சுறேன், வருது. மைசெல்ல வான்னு கெஞ்சுறேன், வரமாட்டேங்குது" என்பார். எங்கள் கைடு மேடம் முன்னாலேயே சொல்வார். மேடமும் சிரிப்பார்.

ரியாஸ் அண்ணன் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். வீடு பெரிய கடைவீதிப் பக்கம். மனைவி சென்னையில் டீச்சர், கைக்குழந்தையோடு அங்கேயே இருந்தார். இவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு போய் வருவார். மற்ற நாளெல்லாம் வீடியோ கால்தான். பேச ஆரம்பித்ததும் அந்தக் குழந்தை அவரை "போன் அத்தா" என்று கூப்பிட்டது. லேபில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கழுவி வைத்த குடுவையை எடுத்து மறுபடி கழுவினார்.

அவருடைய தீசிஸின் கடைசி அத்தியாயம் இதுதான்: சூடான கரைசலை எவ்வளவு மெதுவாகக் குளிரவைக்கிறோமோ, அதைப் பொறுத்துச் சொட்டையின் எண்ணிக்கை மாறும். முதல் ஏழெட்டு மாதம் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தின் தலைவர் மைக்ரோஸ்கோப் படங்களைப் பார்த்துவிட்டு மேடத்துக்கு போன் செய்தார். "பையனை அனுப்புங்க. எங்க லேப்ல, என் கண் முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டட்டும். தீசிஸும் கையில இருந்தா வேலை அவருக்குத்தான்." வேலை கிடைத்தால் மனைவி, குழந்தையோடு ஒரே வீடு. ரியாஸ் அண்ணன் அன்றைக்கே போனில் வேளச்சேரி வாடகை வீடுகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

இனி என் பங்கு. நான் அப்போது படிகத் தகடுகள் செய்துகொண்டிருந்தேன். அதே சங்கிலி, வேறு வடிவம். செய்த தகடுகளைச் சோனிகேட்டர் கம்பியால் நொறுக்குவேன். தெரியுமே, கரைசலில் முக்கினால் ஒலி அதிர்வில் எல்லாவற்றையும் தூளாக்கும் அந்த டைட்டானியம் கம்பி. லேபுக்கே ஒன்றுதான். காலையில் நான், மதியத்துக்கு மேல் ரியாஸ் அண்ணன். அவர் தன் கரைசலைச் சூடாக்கி, கொஞ்சம் தணிந்ததும் அதே கம்பியை ஐந்து நொடி விட்டு எடுப்பார், கட்டி சேராமல் இருக்க. நடுவில் நான் எத்தனால் தெளித்து டிஷ்யூவால் துடைத்து வைப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். யாரும் யாரையும் கேட்டதில்லை.

அவருக்குச் சொட்டை விழ ஆரம்பித்தது நான் அந்தக் கம்பியைத் தொட ஆரம்பித்த மாதம். இதை இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. பட்டது வேறு மாதிரி.

"கவிதா வந்தா வருது, வரலைன்னா வரலை" என்று முதலில் சொன்னது அவர்தான். நான் ஒரு நாள் லீவு, பேட்ச் போச்சு. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தேன், இரண்டும் போச்சு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் சித்திரை வீதியைவிட்டு நான்கு நாள் வெளியே வர முடியவில்லை. கூட்டம், கயிறு கட்டிய தடுப்பு, பஸ்ஸெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்த நான்கு நாளில் மூன்று பேட்ச் வழுவழுவென்று வந்தது, ஒரு சொட்டை இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினார்: "பெருமாள்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டுச் சீக்கிரம் வா. உன் ராசி இல்லாம இங்க ஒண்ணும் நடக்கல."

ராசி. அந்த வார்த்தை லேபில் ஒட்டிக்கொண்டது. தினமும் சோனிகேட்டர் ஸ்விட்சை நான்தான் போட வேண்டும். போட்டுவிட்டு வந்தால் பக்கத்து லேப் பசங்கள்கூட, "கவிதாக்கா, எங்க மெஷினையும் ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க" என்பார்கள். நான் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு பெருமையாகப் போவேன். எம்.எஸ்ஸியில் தங்க மெடல் வாங்கியவள்! எக்ஸ்பெரிமென்ட் டிசைன் பற்றி உங்களுக்கு வகுப்பு எடுப்பவள்! என் இருப்பும் ஒரு மாறி, முடிவை மாற்றக்கூடிய ஒன்று, அதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராசி என்று பெயர் வைத்ததும் அது கேள்வியாக இல்லாமல் போய்விட்டது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வருடாந்தர அறிக்கைக்காக லாக் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சோனிகேட்டர் பக்கம். தேதி, பெயர், நேரம், கடைசியில் 'குறிப்பு' என்று காலியாகக் கிடக்கும் ஒரு கட்டம். என் பெயர், அதற்குக் கீழே அவர் பெயர். என் பெயர், அவர் பெயர். ஓர் இடத்தில் அவர் பெயர் மட்டும். அந்தத் தேதியை அவருடைய முடிவுத் தாளில் பார்த்தேன். சொட்டை இல்லை. அடுத்தது. இல்லை. விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினேன். என் பெயர் மேலே இல்லாத ஒரு நாளில்கூட அவருக்கு வரவில்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் நொறுக்கியது படிகம். எத்தனால் அதைக் கரைக்காது, சூடான டொலுயீன்தான் கரைக்கும். துடைத்தால் கண்ணுக்குச் சுத்தம், ஆனால் கம்பியின் நுனியில் இருக்கிற பள்ளங்களில் என் தூள் உட்கார்ந்திருக்கும். அது அவர் கரைசலில் இறங்கினால் விதை. ஒரு விதை போதும், பக்கத்தில் இருப்பதெல்லாம் அதைப் பார்த்து அடுக்க ஆரம்பிக்கும். குளிரவைக்கும் வேகம் அல்ல. என் அழுக்கு.

புத்தகத்தை மூடி வைத்தேன். அன்றைக்கு பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு நானே வழக்காடினேன். தற்செயலாக இருக்கலாம். நான் வராத நாளில் ஏசி வேறு மாதிரி ஓடியிருக்கலாம். சோதிக்காமல் சொன்னால் அவரைக் கலவரப்படுத்துவதுதானே? சோதித்துவிட்டுச் சொல்லலாம். சரி, நாளைக்குச் சோதிக்கலாம்.

நாளைக்குச் சோதிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. என் வேலையை அந்த வாரம் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டேன். ஆனால் மதியம் ஸ்விட்சைப் போட மட்டும் ரியாஸ் அண்ணன் கூப்பிடுவார், போய்ப் போடுவேன். அவரும் அந்த வாரம் புது பேட்ச் எதுவும் போடவில்லை, எழுத்து வேலையில் இருந்தார். பழைய வேலைக்குச் சும்மா கம்பியை ஓட்டுவார், அவ்வளவுதான். எனக்கு அதில்கூட ஒரு ஆறுதல். புது பேட்ச் இல்லை என்றால் தோற்கவும் வழியில்லையே.

நான்கு மணிக்கு டீ. கேட்டுக்கு எதிரே அதே கடை. "இந்த வீட்டைப் பாரு, பால்கனி இருக்கு. ஆனா மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாப்பாவைத் தூக்கிட்டு ஏறிடுவேன்ல?" என்று போனை நீட்டுவார். "ஏறிடுவீங்கண்ணா" என்பேன். ஒரு நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "அண்ணா, அந்தக் கம்பியை ஒரு தடவை சூடான டொலுயீன்ல நல்லாக் கழுவிட்டு ஒரு பேட்ச் போட்டுப் பார்க்கலாமா?" என்றேன்.

"ஏன், என்னாச்சு?"

"இல்ல, சும்மாதான்."

"ஏம்மா, ஓடுற வண்டியை நிறுத்தி எவனாவது இன்ஜினைப் பிரிப்பானா? போயிட்டு வந்து பிரிக்கலாம்."

அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. சொல்ல முயன்றேன், அவர்தான் கேட்கவில்லை. நன்றாகப் பாருங்கள், நான் சொல்லவே இல்லை. சொன்னது மாதிரி ஒரு கேள்வி, மறுப்பார் என்று எதிர்பார்த்தே கேட்டது. அதைவைத்து மேலும் மூன்று நாள் ஓட்டினேன்.

பத்தாவது நாள் அல்ல, ஒன்பதாவது நாள், வியாழன். டீ கிளாஸை வைத்துவிட்டு, "திங்கக்கிழமை காலை ட்ரெயின். உனக்கும் டிக்கெட் போட்டுட்டேன்" என்றார்.

"எனக்கு எதுக்குண்ணா?"

"ராசிக்குத்தான். மேடம்கிட்ட சொல்லிட்டேன், ஹெல்ப்புக்கு ஆள் வேணும்னு. அப்புறம் நம்ம கம்பியையும் எடுத்துட்டுப் போறோம். பழகின கம்பி. அங்கே உள்ளதை நம்ப முடியாது."

அதுவரை என் பயமெல்லாம் சென்னையில் வராமல் போய்விடுமே என்றுதான். அந்த நொடி வேறொன்று புரிந்தது. வரும். எங்கள் கம்பியை எடுத்துக்கொண்டு போனால், போகும் முன் நான் ஒரு தடவை அதில் என் தகடுகளை நொறுக்கினால், கட்டாயம் வரும். வேலை கிடைக்கும். யாருக்கும் ஒருபோதும் தெரியாது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வழக்கம் போல இருந்தால் போதும். பிறகு ரியாஸ் அண்ணன் அங்கே தனியாக, அவர்களுடைய கம்பியோடு உட்கார்ந்து, மாதக்கணக்கில் வராத ஒன்றை ஏன் வரவில்லை என்று தேடுவார். தன் கையைச் சந்தேகப்படுவார். பிறகு மற்றவர்கள் அவர் படங்களைச் சந்தேகப்படுவார்கள். புதுசாகச் சேர்ந்தவர், பழைய படங்கள் அவ்வளவு அழகு, இப்போது ஒன்றுகூட வரவில்லை என்றால் உலகம் என்ன சொல்லும்?

வெள்ளிக்கிழமை காலை கம்பியைக் கழற்றி, புகையை இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்குள் சூடான டொலுயீனில் மூன்று முறை கழுவினேன். அவருடைய முறைப்படி இரண்டு குப்பி. ஒன்றில் சுத்தமான கம்பி. இன்னொன்றில் அதே கம்பி, கூடவே என் தகட்டுத் தூள் கலந்த தண்ணீர் ஒரே ஒரு சொட்டு. மதியம் லேசர் பேனாவை அடித்துப் பார்த்தேன்; படிகம் இருந்தால் ஒளி சிதறித் தெரியும். முதல் குப்பி தண்ணீர் மாதிரி தெளிவு. இரண்டாவதில் பால் கலந்த மாதிரி ஒரு கோடு. பக்கத்து லேபில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்றைக்கும் சொல்லவில்லை. ஆமாம், அன்றைக்கும். அவர் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். போன் என் பையில்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை கூப்பிட்டேன். டெய்லர் கடையிலிருந்து புதுச் சட்டைப் பொட்டலத்தோடு வந்தார். இரண்டு குப்பியையும் காட்டி, லாக் புக்கைத் திறந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அழவில்லை.

அவர் முதலில் சிரித்தார். "ஒரு குப்பியை வச்சு முடிவு பண்றியா? நீ தள்ளு." பிறகு என்னைப் பார்க்காமல், "இல்ல, நீ வெளியே போ. கதவைச் சாத்து. நீ உள்ளே இருக்கக் கூடாது" என்றார்.

வராந்தாவில் நின்றேன். கதவுக் கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. தானே கம்பியைக் கழுவினார். தானே சூடாக்கினார். குளிரக் குளிர ஐந்து மணி நேரம் அந்தக் குப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகவில்லை. இரண்டு முறை போன் அடித்தது, எடுக்கவில்லை. நான் எதை வேண்டினேன் என்று கேளுங்கள். அவர் குப்பி கலங்க வேண்டும், நான் தவறாக இருக்க வேண்டும் என்றுதான். சாட்சி கையில் இருந்தும் அப்படித்தான் வேண்டினேன்.

லேசர் பேனாவை அணைத்துவிட்டு வெளியே வந்தார். "தெளிவா இருக்கு" என்றார். அவ்வளவுதான். பிறகு அவரே மேடத்துக்கு போன் செய்தார்.

மேடம் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். என்னிடம் ஒரே கேள்வி. "எத்தனை நாளாத் தெரியும், கவிதா?"

"பதினோரு நாள், மேடம்."

ரியாஸ் அண்ணன் அதுவரை ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். அந்த எண்ணைக் கேட்டதும்தான் திரும்பினார்.

மேடம் லாக் புக்கை என் முன்னால் தள்ளினார். "அந்தக் குறிப்புக் கட்டம் எதுக்கு இருக்கு? எழுது. ரியாஸ், நீ தேதி படி." அவர் தேதி படித்தார், நான் எழுதினேன்: 'முன்னதாக இக்கம்பியில் படிகத் தூள். என்னுடையது.' கையெழுத்து. அடுத்த தேதி. அவருக்குச் சொட்டை விழுந்த ஒவ்வொரு நாளும். ஒவ்வொன்றிலும் நாங்கள் கைதட்டியது, ஸ்வீட் வாங்கியது நினைவுக்கு வந்தது. ஒரு தேதியில் அவர் குரல் நின்றது. பாப்பாவின் பிறந்தநாள். பிறகு தொடர்ந்தார்.

இப்போது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நான் உங்களை ஏன் வீட்டுக்கு விடுவதில்லை என்று புரியும். உங்களுக்கு முன் யார், என்ன செய்தார்கள். எழுதுங்கள். ராசி என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அந்த ஆளை வெளியே நிறுத்திவிட்டு ஒரு பேட்ச் போடுங்கள். நேற்று நான் போய் நின்ற இடம் அதுதான். திவ்யா, நான் வெளியே இருந்தபோது போட்டது எப்படி வந்தது என்று இன்னும் நீ எனக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை டிக்கெட்டை ரத்து செய்யலாம் என்று மேடம் சொன்னார். ரியாஸ் அண்ணன் மாட்டேன் என்றார். சென்னைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "சார், நான் வர்றேன். ஆனா என் முறைப்படி செஞ்சா வராது. ஏன் வராதுன்னு காட்டத்தான் வர்றேன்." அந்தப் பக்கம், "வாங்க" என்றார்கள்.

அங்கே அவர்களுடைய கம்பியில் முதல் பேட்ச். மைக்ரோஸ்கோப் திரையில் வழுவழு உருண்டைகள். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வரலையே" என்றார். "வராது சார்" என்றார் ரியாஸ் அண்ணன். மறுநாள் என் தூளில் அளந்து ஒரு சொட்டு. வந்தது. இரண்டு சொட்டு விட்டதில் இன்னும் நெருக்கமாக வந்தது. அந்தப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

ரியாஸ் அண்ணன் என்னைக் காட்டினார். "கண்டுபிடிச்சதும் இவங்கதான் சார். கெடுத்ததும் இவங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வேலைக்குத் தீசிஸ் தேதி முக்கியம். அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டும், குறைந்தது ஆறேழு மாதம். அதுவரை இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று தலைவர் மரியாதையாகவே சொன்னார். வேறு ஒருவருக்குப் போனது.

புதன்கிழமை பகல் ட்ரெயினில் திரும்பினோம். எதிரெதிர் ஜன்னல். அவர் கையில் போன், திரையில் எதுவும் இல்லை. அரியலூர் வந்தது, லால்குடி வந்தது. கொள்ளிடம் பாலம் சத்தம் போட்டது. ஸ்ரீரங்கத்தில் நான் இறங்க வேண்டும், அவர் ஜங்ஷன் வரை போவார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அண்ணா, வர்றேன்" என்றேன்.

"கவிதா" என்றார். "கம்பியை நீ சரியாக் கழுவலைன்னு எனக்கு ஒரு கோபமும் இல்ல. நானும்தான் கழுவலை."

வண்டி நின்றது. பின்னால் ஒரு அம்மா கூடையோடு, "இறங்கும்மா, இறங்கு" என்று முதுகைத் தள்ளினார்.

"அந்தப் பதினோரு நாளும் என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சே பாரு" என்றார்.